தோற்றுவந்த பிள்ளையிடம் என்ன சொல்வது?

2024ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள். பாரிஸ் ஒலிம்பிக் ஜூடோ அரங்கில் திடீரென ஓர் அழுகுரல் எழுந்தது. அழுதவர் ஜப்பானிய வீராங்கனை அபே உத்தா. தோக்கியோ ஒலிம்பிக்கில் 52 கிலோ எடைப்பிரிவில் தங்கம் வென்றவர். அதே நாளில் அவருடைய அண்ணன் ஹிஃபுமியும் தங்கம் வென்றதால் உலகமே வியந்து பார்த்த குடும்பம். பாரிஸில் இரண்டாம் சுற்றிலேயே, முன்னிலையில் இருந்தபோதே, உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவா அவரை வீழ்த்திவிட்டார். ஜூடோவில் எதிராளியின் முதுகு முழுமையாகத் தரையில் படும்படி வேகத்தோடு வீழ்த்தினால் அது ‘இப்பொன்’. அத்துடன் ஆட்டம் முடிந்துவிடும். அதற்கு முன் எடுத்த புள்ளி எதற்கும் உதவாது. அபே தம் பயிற்றுநரைப் பற்றிக்கொண்டு வாய்விட்டுக் கதறினார். பார்வையாளர்கள் “உத்தா! உத்தா!” என்று குரல் கொடுத்து அவரைத் தேற்றினர்.

ஆனால், சமூக ஊடகங்களில் வேறு குரல்களும் கேட்டன. மரியாதையை முதன்மையாகக் கொண்ட கலையில் இப்படி அழுவது முறையா என்று சிலர் கண்டித்தனர். அபே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அவர் அழுததில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பல்லாண்டு உழைப்பு சில நொடிகளில் கைநழுவிப் போனால் யார்தாம் அழமாட்டார்? என் கவலை வேறு. தோற்றுவந்த பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்?

சென்ற ஆண்டு ஜாசின் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, மாநில நிலைக் கராத்தே போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றிருந்தாள். மறுவாரமே அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். “போதும் சார், இனி படிக்கட்டும்” என்றாராம் தந்தை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. மாதக் கட்டணம், சீருடை, போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் மிகுதிநேர வேலை பார்த்துக் கட்டியவர் அவர். காசு கட்டி ஆடும் விளையாட்டில் தோல்வி நட்டக் கணக்காகிவிடுகிறது.

முன்பு அப்படியில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் மாலையானால் திடலில் காற்பந்து நடக்கும். இன்று ஐந்து கோல் வாங்கியவன் நாளை மாலை மீண்டும் வந்து நிற்பான். அவனை யாரும் நிறுத்தியதில்லை. யாரும் கணக்கும் வைத்ததில்லை. மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது பானை சட்டியெல்லாம் கூடவே வந்தன. திடல் மட்டும் வரவில்லை.

பள்ளிகளும் இதில் பங்காளிகளே. என்னைப் போன்ற கல்வி அதிகாரிகளும்தான். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப்புள்ளியில் நூற்றுக்குப் பத்து புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. மாவட்டம், மாநிலம், நாடு என்று நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். வென்றவனுக்குக் கூடுதல். அளவிடுவதற்கு அது எளிய முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோற்ற மறுநாள் பயிற்சிக்கு வந்த மாணவனை அளக்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ ஒரு கல்வியாளர். 1882இல் தோக்கியோவில் கொதொக்கான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியவர். பள்ளித் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். அதனால்தானோ என்னவோ, இன்றும் ஜூடோ வகுப்பில் சேரும் பிள்ளைக்கு முதலில் கற்பிக்கப்படுவது எதிராளியை வீழ்த்துவது அன்று, விழுவது. மோவாயை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் மோதாமல், உள்ளங்கையால் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். இதற்கு ‘உக்கெமி’ என்று பெயர். அதைப் பழகிய பிறகே பிடியும் வீச்சும். கைகால் முறியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றாலும், விழுவதைப் பாடத்தின் முதல் பக்கத்தில் வைத்த ஆசிரியரை நான் மதிக்கிறேன்.

2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கராத்தே வீராங்கனை ஷாமளாராணி சந்திரன் மலேசியாவுக்குத் தங்கம் வென்றபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அவரைப் போல் வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அப்படி வர விரும்பும் பிள்ளை நடுவில் எத்தனை முறை தோற்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டோம்.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. போட்டி முடிந்த அடுத்த திங்கட்கிழமையும் பயிற்சி நடக்கட்டும். தோற்றவரும் அதற்கு வரட்டும். சபைகூடலில் கோப்பையோடு நிற்பவர் பெயரை வாசிக்கும்போது, கோப்பையில்லாமல் திரும்பியவர் பெயரையும் வாசிக்கலாம். கட்டணம் சுமையாக இருக்கும் வீட்டுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓராண்டுக்குக் கைகொடுக்கலாம். பெற்றோரே, வீட்டுக்கு வரும் வழியில் காரில் எதுவும் பேசாமல் இருந்தாலே பாதித் துயரம் ஆறும்.

அபே உத்தா 2025இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் மீண்டும் தங்கம் வென்றார். ஜாசின் மாணவி இப்போது நான்காம் படிவம். அண்மையில் அவள் ஆசிரியரிடம் விசாரித்தேன். பயிற்சிக்கு இன்னும் திரும்பவில்லையாம். ஆனால், கராத்தே நடக்கும் நாள்களில் மண்டபத்தின் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாளாம்.