ஏட்டில் ஒரு வரி

தம் முன்னோர் யாவர் என அறிய விரும்பும் ஆங்கிலேயர் 1837ஆம் ஆண்டு வரையில் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு பின்னோக்கிச் செல்லலாம். அதற்கு அப்பால் அவருக்குத் துணைநிற்பவை பங்குக் கோயில்களின் பழைய ஏடுகளே. 1538இல், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், ஒவ்வொரு பங்கிலும் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்குமாறு கட்டளையிட்டார். ஏடுகள் அழிந்துபடாதிருக்க, அவற்றைத் தோலிற் படியெடுக்கவும், ஆண்டுதோறும் அத்தியட்சருக்கு ஒரு படி அனுப்பவும் 1598இல் விதி பிறந்தது. சரித்திர நூல்களில் இடம்பெறாத கூலியாளனுக்கும் இவ்வேடுகளில் ஒரு வரி உண்டு.

அவ்வரியை எவ்வாறு படித்தல் வேண்டும்? மகாகவி ஷேக்ஸ்பியரின் ஊராகிய ஸ்ரற்போர்ட்டின் ஏட்டையே பார்ப்போம். ஜோன் என்பவரின் மகன் வில்லியம் 1564 ஏப்பிரல் 26இல் ஞானஸ்நானம் பெற்றதாக லத்தீன் மொழியில் எழுதப்பட்டுள்ளது. பிறந்த நாள் அதில் இல்லை. 23ஆம் திகதி என்பது ஊகமே. பெற்ற தாயின் பெயரும் இல்லை.

வில்லியத்தின் மூத்த மகள் சூசனா 1583 மே 26இல் ஞானஸ்நானம் பெற்றாள். அடுத்துப் பிறந்த இரட்டையர் ஹம்னெற்றும் யூடித்தும் பெற்ற நாள் 1584 பெப்ருவரி 2 என்கிறது ஏடு. இடையில் ஒன்பது மாதங்கள்கூட இல்லையே! எழுதியவர் தவறினாரோ எனில், இல்லை. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆதலால் அந்தப் பெப்ருவரி, நம் கணக்கில் 1585ஆம் ஆண்டினது. இதனை அறியாது வம்சாவளி வரையப் புகுவோர் பிள்ளைகளின் வயதையே பிழைபட எழுதுவர்.

அதே ஏட்டில் இன்னொரு வரி: 1596 ஓகஸ்ட் 11இல் ஹம்னெற் அடக்கம் செய்யப்பட்டான். பிள்ளைக்கு வயது 11. நோய் இன்னதென்று ஏடு கூறவில்லை. தந்தை அருகில் இருந்தாரா என்றும் கூறவில்லை. உலகறிந்த கவிஞரின் மகனுக்கும், பெயரறியாத் தொழிலாளியின் மகனுக்கும் குருவானவர் எழுதியது ஒரே அளவான வரிதான்.

வம்சப் பெருமை நாடி ஏட்டைத் திறப்போர் பலர். அங்கே அவர்கள் பெரும்பாலும் காண்பது பட்டமும் பதவியுமல்ல. இளமையில் மறைந்த பிள்ளைகளும், பெயர் எழுதப்படாத தாய்மாருமே. அவர்களும் முன்னோரே என்பதை நாம் மறத்தலாகாது.