ராஜிநாமாவுக்கு முன் ஒரு கணக்கு

"இனி அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்." பெங்களூரில் பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் சம்பள நாளுக்கு மறுநாள் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் மனம் நொந்து சொல்வது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மிகை நேரம் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் கிடைப்பது ஒரு டீயும் ஒரு பன்னும்தான். சம்பளத்தில் வைப்பு நிதிக்குப் பிடித்தம் செய்வார்கள். அது கணக்கில் சேர்ந்ததா என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய காகிதத்தை நீட்டி, படிக்க விடாமல் கையெழுத்து வாங்குவார்கள். சூபர்வைசரின் வசவு வேறு. இத்தனையும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. வேலையை விடுவது தொழிலாளியின் உரிமை.

ஆனால் எப்படி விடுவது, எப்போது விடுவது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் திரும்புவதில்லை. "நான் வரவில்லை என்று சொல்லிவிடு" என்று கூட வேலை செய்பவரிடம் சொல்லி அனுப்புகிறார். அவ்வளவுதான் ராஜிநாமா. கம்பெனிக் கணக்கில் அவர் "சொல்லாமல் நின்றுவிட்டவர்". பாக்கிச் சம்பளம் கேட்டு வந்தால் "அடுத்த வாரம் வா" என்பார்கள். இரண்டு தடவை பஸ் செலவு செய்தபின் மூன்றாவது தடவை அவர் வருவதில்லை. கோபம் தொழிலாளியுடையது, லாபம் முதலாளியுடையது.

1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டம், இன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர் தாமாகவே விலகினாலும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. மாதத்துக்கு 26 நாள் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய்; ஐந்தாண்டுக்கு 37,500 ரூபாய். நான்கு வருஷம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர் இந்தத் தொகைக்கு வழக்காட வேண்டிய நிலையைத் தாமே தேடிக்கொள்கிறார். இதை நன்கு அறிந்துதான் சில இடங்களில் ஐந்தாம் வருஷம் நெருங்கும்போது கெடுபிடி அதிகமாகிறது. "எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்துகொள்" என்று தேன் தடவிப் பேசுவதும் அதற்காகவே. புது டோக்கன் கிடைக்கும். பழைய சர்வீஸ் போய்விடும்.

வைப்பு நிதியும் அப்படியே. வேலை மாறும்போது கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டால் சர்வீஸ் தொடரும்; பத்தாண்டு நிறைந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். ஒவ்வொரு தடவையும் துடைத்து எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

தன் பணம் என்று தெரிந்தால் தொழிலாளி சும்மா இருப்பதில்லை என்பதற்கு இந்த நகரமே சாட்சி. நிதியில் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரியில் மத்திய அரசு உத்தரவிட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பெங்களூர் வீதிகளில் திரண்டார்கள். 19-ஆம் தேதியே உத்தரவு வாபஸ் ஆயிற்று. கூட்டமாக நின்றபோது இருந்த அந்த விழிப்பு, தனியாக விலகும்போதும் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சேர்ந்த தேதி, சம்பளச் சீட்டு, வைப்பு நிதிப் பாஸ்புக் ஆகியவற்றை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்து வைத்த அசல் சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். நியமன உத்தரவில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று கண்டிருக்கிறதோ அதன்படி ராஜிநாமாவை எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்துப் பெற வேண்டும். வாங்க மறுத்தால் ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்பலாம். வெற்றுக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, ராஜிநாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள் கெடு. தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதன் தலைமை அலுவலகம் பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவனில் இருக்கிறது. நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு கடைகளில் பணிக்கொடை இல்லாமல் போகலாம்; உழைத்த நாளின் கூலி எங்கும் இல்லாமல் போகாது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. இலாகா அதிகாரிகள் புகார் வரும்வரை காத்திராமல் ஆலைகளுக்குப் போய்ப் பார்ப்பது கடமை. இங்குள்ள தமிழ் அமைப்புகளும் விழா எடுப்பதோடு நில்லாமல், மாதம் ஒரு ஞாயிறு படித்த குமாஸ்தாக்களை உட்காரவைத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால் அது பெரிய தொண்டாகும்.

ஊரை விட்டு வந்தவருக்கு இங்கே சொத்து என்பது உழைத்த வருஷங்கள்தான். விலகுகிறவர் தாராளமாக விலகட்டும். அந்த வருஷங்களை முதலாளியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.