சிறுமதி குடியிருக்கும் இடம்



“பட்டிக்காட்டுத்தனம்” என்றொரு சொல் நம் மேடைகளிலும் அடிபடுகிறது. குறுகிய நெஞ்சைக் கண்டிக்கக் குக்கிராமத்தை ஏன் பழிக்க வேண்டும்? பட்டியிலே பிறந்தவன் செய்த பிழை என்ன?

சேர்வராயன் மலையேறித் தலைச்சோலையிலே நின்று பாருங்கள். அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தாரல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழியினர் தாம் என்பது அவர்தம் மரபுக்கதை. சேர்வராயனில் இருப்பவனும் கொல்லிமலையில் இருப்பவனும் பச்சைமலையில் இருப்பவனும் அக்கதையில் ஒரு குடும்பம். மலைகள் பல; உறவு ஒன்று. இதுவா குறுகிய பார்வை?

கற்றோர் வகுத்த பட்டியலையும் பாருங்கள். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மலையாளிகளைப் பழங்குடியினராக ஏற்கையில், தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சி என்று மாவட்டங்களை எண்ணி நிறுத்திற்று. கோவை மாவட்டம் அதில் இல்லை. அன்று அம்மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையின் மலையாளி வெளியே நின்றான். சேலத்துப் பிள்ளைக்கு உரிய சான்றிதழ் பர்கூர்ப் பிள்ளைக்கு மறுக்கப்பட்டது. சான்றிதழ் வெறும் தாளன்று. கல்லூரிக் கதவின் திறவுகோல்! குருதியுறவைக் கோட்டால் அறுத்தது பட்டிக்காடா, பட்டணத்து மேசையா?

பிறப்பால் எவ்வுயிரும் ஒப்பென்ற கருத்தை வள்ளுவர் வைத்த இடம், ‘பெருமை’ என்னும் 98ஆம் அதிகாரம். சிறுமையின் இலக்கணத்தையும் அங்கேயே வைத்தார். தன்னைத் தானே வியப்பதும், பிறர் குற்றத்தையே பேசுவதும் சிறுமை என்றார். ஊரைச் சொன்னாரில்லை; குலத்தைச் சொன்னாரில்லை; குணத்தைச் சொன்னார்.

ஆகவே, சிறுமதி என்றே சொல்லுவோம். சொல்லுமுன் நம்மையும் சோதிப்போம். தமிழகத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். தேர்தல் வந்தால் மலையேறி, முடிந்தால் இறங்கிவிடும் தோழன் எம்மதியினன்? கிளைக்கழகத்தில் புதியவனைக் கண்டதும், “எந்தத் தெரு?” என்று கேட்பவன் எம்மதியினன்?

சிறுமதிக்கு மலையும் இல்லை, சமவெளியும் இல்லை. இடங்கொடுத்த நெஞ்சமே அதன் இருப்பிடம். அங்கிருந்து அதை வெளியேற்றுவோம். பின்னர் மலையேறுவோம், வாக்குக்கன்று, உறவுக்கு!