மூடி இல்லாத லேசரும் சில வீராதி வீரர்களும்

"வீட்டுலயே லேசர் கட்டிங் மெஷின் செஞ்சுட்டேன்"னு நம்ம பசங்க வீடியோ போடும்போது பெருமையாத்தான் இருக்கு. ஆனா நான் பாத்ததுல முக்கால்வாசி மெஷினுக்கு மூடியே கிடையாது. நாலு அலுமினியச் சட்டம், ரெண்டு மூணு ஸ்டெப்பர் மோட்டார், நடுவுல பளீர்னு நீல வெளிச்சம், பக்கத்துல எட்டிப் பாக்குற ஒரு வாண்டு. கேட்டா, "பெட்டி அப்புறமா செஞ்சுக்கலாம் பாஸ்." இந்த 'அப்புறமா'வைத் திட்டத்தான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், நான் "எதுக்குய்யா வம்பு, வாங்கிட்டுப் போ" கட்சி இல்லை. 1946ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு எம்.ஆர்.எஃப். 1964ல கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடிச்ச குமார் படேல் மகாராஷ்டிராவுல பொறந்து, புனே இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். செய்யாதேன்னு யாரு சொல்ல முடியும்? அதுவுமில்லாம வாங்குனா மட்டும் என்ன வாழுது? கே40ன்னு சைனாவுல இருந்து வர்ற பெட்டி மெஷின் பலதுல, மூடியைத் திறந்தாலும் லேசர் அது பாட்டுக்கு எரியும். அதையும் பிரிச்சு நாமதான் ஒழுங்கு பண்ணணும்.

விஷயத்துக்கு வருவோம். அரை வாட்டைத் தாண்டினாலே அது நாலாம் வகுப்பு லேசர், அதாவது ஆபத்துல உச்ச வகுப்பு. நம்மாளுங்க மாட்டுறது 5 வாட், 10 வாட். நேரா பாக்கவே வேணாம், பலகையில பட்டுச் சிதறுற வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும். நீல வெளிச்சத்தை நம்ம கண்ணு லென்ஸே குவிச்சு விழித்திரையில கொண்டுபோய் வெக்கும். வலிக்காது. பொசுங்கின இடம் திரும்ப முளைக்கவும் முளைக்காது. கார்பன் டை ஆக்சைடு லேசர் 10.6 மைக்ரான், கண்ணுக்கே தெரியாது, கருவிழியைச் சுட்டுடும். "அதான் கூடவே பச்சைக் கண்ணாடி இனாமா குடுத்தானே"ங்கிறாங்க. சரி, அதை நீ போட்டுக்கிட்ட. எட்டிப் பாக்குற வாண்டுக்கு யாரு போட்டது?

எனக்கு நிஜமாவே கோவம் வர்றது புகை விஷயத்துலதான். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல கோரமண்டல் உர ஆலையோட கடலடிக் குழாய்ல அமோனியா கசிஞ்சு, ஜனங்க மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினாங்க. பாதுகாப்பு எங்கடான்னு எல்லாரும் கேட்டோம், நியாயமாத்தான் கேட்டோம். அதே நாம ராயபுரத்துல சுவரோட சுவர் ஒட்டின வீட்டுல சன்போர்டை வெட்டி, புகையை ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு அடுப்படிக்கு அனுப்பலாமா? சன்போர்டுங்கிறது பி.வி.சி. அதைப் பொசுக்கினா வர்றது ஹைட்ரஜன் குளோரைடு, ஈரம் பட்டா ஆசிட். நுரையீரல் என்ன காய்ஞ்சா கிடக்கு? கம்பெனிக்காரன் பண்ணா அலட்சியம், நாம பண்ணா ஹாபியா?

பெட்டி செய்யறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லை. ஷீட் மெட்டல் பட்டறைக்கு நம்ம பக்கம் பஞ்சமா என்ன? ஜன்னலுக்குத்தான் பலரும் சறுக்கறாங்க. கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு சாதா அக்ரிலிக் ஷீட்டே தடுத்துடும். நீல லேசர் அதுக்குள்ள ஜாலியா பூந்து வெளிய வந்துடும், அதுக்கு ஆரஞ்சு ஷீட் வேணும். புகைக் குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு மேல, மொட்டை மாடி வரைக்கும் போகணும்.

கோடு எழுதிப் பொழைக்கிறவன் சொல்றேன், மூடி சுவிட்சை ஆர்டுயினோவுக்குக் குடுத்து "திறந்தா நிறுத்து"ன்னு புரோகிராம் எழுதி நிம்மதியா இருக்காதீங்க. புரோகிராம் தொங்கும். சுவிட்ச் லேசரோட பவர் சப்ளையையே நேரா நிறுத்தணும். டியூப் மெஷின்னா தண்ணி ஓடுதான்னு பாக்குற சுவிட்சும் அதே வரிசையில சேரணும். அந்த டியூப்ல ஓடுறது 15, 20 ஆயிரம் வோல்ட்டு சாமி. நம்ம ஏரியா போர் தண்ணி உப்பு, கரண்டைக் கடத்தும், டிஸ்டில்டு வாட்டர் தவிர வேற எதையும் ஊத்தாதீங்க. ஐஸ் போட்டுக் குளிர வெக்கிற ஐடியாவும் வேணாம். நம்ம கடக்கரைக் காத்துக்கு டியூப் மேலயே வேர்த்து, அந்த ஈரத்து வழியா கரண்ட் பாயும்.

பி.கு: கையில இருக்கிற ஷீட் பி.வி.சி.யா இல்லையான்னு சந்தேகமா? வெட்டவெளியில ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கச் சுட்டு, ஷீட் துண்டுல தொட்டு, திரும்ப நெருப்புல காட்டுங்க. தீ பச்சையா எரிஞ்சா உள்ள குளோரின் இருக்கு, மெஷின் கிட்டயே கொண்டு போகாதீங்க. "அக்ரிலிக்தான் சார்"னு கடைக்காரர் சத்தியம் பண்ணாலும் சுட்டுப் பாத்துடுங்க :-)