இயந்திரக் குரலும் இழவு வீட்டுப் பாட்டும்

"கலை, ஆண்டவன் தந்த வரம்" என்று நேற்றுவரை கதைத்தவர்கள், இன்று "கணினி கவி பாடுகிறது, பார்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அன்று கடவுள், இன்று கருவி. கும்பிடும் கை மட்டும் மாறவில்லை!

2024-இல் வந்த 'லால் சலாம்' படத்திலே, முன்பே மறைந்த சாகுல் ஹமீதும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவும் 'பாடினர்'. மாயமன்று, மந்திரமன்று. அவர்கள் பாடிவைத்த பதிவுகளைக் கொண்டே செயற்கை நுண்ணறிவு அக்குரல்களை வார்த்தது. குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் தந்ததாக இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் அறிவித்தார். முறையான செயல்தான். அந்த முறை எல்லோர்க்கும் கிட்டுமா?

வாருங்கள் தோழர்களே, புழலுக்கு! ஏரியும் சிறைச்சாலையும் மட்டுமா அங்கே? புழல் தொடங்கி இராயபுரம் வரை, மூட்டை சுமந்தவரோ மீன் விற்றவரோ மாண்டால், பிணத்தின் முன்னே விடிய விடிய மரண கானா ஒலிக்கும். இறந்தவன் பெயர், பட்ட கடன், செய்த குறும்பு அத்தனையும் அந்த இரவிலேயே பாட்டாகும். எந்தத் தெய்வம் அடியெடுத்துக் கொடுத்தது? பாடுகிறவன் அவனோடு வாழ்ந்தவன், அவனை இழந்தவன். பொறிக்கு இழக்க என்ன இருக்கிறது?

சபா மேடைகள் இதைக் கலையென்று ஒப்பினவா? கூச்சல் என்றன! நாளை அதே கூச்சலை இயந்திரம் விழுங்கி மெருகேற்றித் தந்தால், கைதட்டத் தயங்கமாட்டா.

பொறியை நாம் பழிக்கவில்லை. மனிதனை மனிதன் இழுத்த கைரிக்சா 1973-இல் தமிழகத்தில் ஒழிந்தபோது மகிழ்ந்தவர்கள் நாம். நாம் கேட்பது கூலி! புழல் பாடகனின் குரலை எடுப்பவன் முதலில் அவன் வாசலுக்கு வரட்டும், இசைவு கேட்கட்டும், பணத்தை எண்ணி வைக்கட்டும். அவன் மறுத்தால், திரும்பிப் போகட்டும்.