பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். கோரிமேட்டைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர். இங்கே என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது இரண்டு வீடு. ஒன்று தாங்கள் சிறுகச் சிறுகக் கட்டியது. இன்னொன்று மகனோ மகளோ குடியிருக்கும் அடுக்குமாடி வீடு. பெங்களூரில், சென்னையில், நியூஜெர்சியில். பேரப்பிள்ளைக்குப் பள்ளி திறந்தால் அங்கே. ஆடியில் மாரியம்மன் பண்டிகை என்றால் இங்கே.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கும். பருப்புப் பொடி, ரசப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், மொட்டை மாடியில் காயவைத்த ஜவ்வரிசி வடகம், பேத்திக்குப் பாவாடை சட்டை, மருமகன் கேட்ட நாட்டுச் சர்க்கரை, போய்த் திரும்பும்வரைக்குமான மாத்திரைகள். ஓர் ஓரத்தில் அந்த அம்மாவின் துணிப்பை: கூடை வயர் இரண்டு கட்டு, கத்தரிக்கோல், அடி மட்டும் போட்டுவைத்த ஒரு கூடை. எடை கூடிவிடும். எதை எடுக்கலாம் என்று எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். முதலில் வெளியே வருவது அந்தப் பைதான். எடுப்பவரும் பெரும்பாலும் அந்த அம்மாவேதான். “இது எதுக்கு, அங்க போனா வேற வேலை இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே எடுப்பார்.

இது சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பெட்டியில் முதலில் போக வேண்டியது அந்தப் பை. பொடியைக் கூரியரில் அனுப்பலாம். ஜவ்வரிசி பெங்களூரிலும் விற்கிறது. ஆனால் ஓர் அம்மாவின் பொழுதை அவருக்குச் சொந்தமாக வைத்திருக்கிற வேலை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது இல்லாமல் போகிறவர், மகள் வீட்டில் சமையலறைக்கும் டிவிக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். ‘எப்பம்மா ஊருக்குப் போறது’ என்று இரண்டாவது வாரமே கேட்கத் தொடங்குவார். மகளுக்கு அது ஏன் என்று புரியாது.

நான் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மாவுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்து, பிறகு அவர் மகளுக்கும் அதே வகுப்பறையில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கணவர் காலமான பிறகு வருஷத்தில் பாதிக்கு மேல் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். சேலத்தில் ரயில் ஏறினால் தருமபுரி, ஓசூர் வழியாக அரை நாளுக்குள் போய்விடலாம். ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டிக்கு 40 கிலோ வரை அனுமதி உண்டு. ஆனால் என் தோளுக்கு அவ்வளவு அனுமதி கிடையாது. அதனால் எதை எடுத்துப் போவது என்பதில் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கை பழகிய கருவி என்னோடு வரும். சரக்கு அந்தந்த வீட்டில் இருக்கும்.

என் கத்தரிக்கோலைச் சொல்கிறேன். பெருவிரல் போகிற வளையத்தில் கறுப்புப் பூச்சு முழுக்கத் தேய்ந்து இரும்பு தெரிகிறது. துணியில் இறங்கும்போது வருகிற சத்தத்தை வைத்தே இரட்டை மடிப்பை வெட்டுகிறதா, நான்கு மடிப்பை வெட்டுகிறதா என்று எனக்குத் தெரியும். மகள் ஆசையாகப் புதிது ஒன்று வாங்கிவைத்தாள். நல்ல கத்தரிக்கோல்தான். ஆனால் ஜாக்கெட்டின் கழுத்து வளைவை அதில் வெட்டும்போது என் கை யோசிக்கிறது. கை யோசித்தால் வளைவு கெடும். கத்தரிக்கோல், இஞ்ச் டேப், எம்பிராய்டரி வளையம், ஊசி டப்பா, அளவுகள் எழுதிய நோட்டு, இவ்வளவும் ஒரு சின்னத் துணிப்பையில் அடங்கும். நூல் கண்டு, லைனிங் துணி, கொக்கி, ஃபால்ஸ் எதையும் சுமக்க மாட்டேன். சேலத்துக்குச் சின்னக்கடை வீதி இருந்தால் பெங்களூருக்குச் சிக்பேட்டை இருக்கிறது.

‘அங்கதான் மெஷின் இருக்கேம்மா’ என்று பிள்ளைகள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். மகள் வீட்டில் இருப்பது மோட்டார் வைத்த வெள்ளை மெஷின். பிளாஸ்டிக் பாபினை மேலிருந்து இறக்கிப் போட வேண்டும். சேலத்தில் இருப்பது மிதி மெஷின். இரும்புப் பாபின், அதற்கென்று தனிக் கேஸ். ஒன்றின் பாபின் மற்றதில் உட்காராது. இங்கே பொறுமையாக நூல் சுற்றிய பாபின்களை அங்கே கொண்டுபோனால் அப்படியே திரும்பிவரும். இரண்டு மெஷினுக்கும் தனித்தனி டப்பா வைத்து, டப்பாவை மெஷின் பக்கத்திலிருந்து நகர்த்தாமல் இருப்பதுதான் வழி.

செய்துகொண்டிருக்கிற வேலையை எடுத்துப் போவதா, விட்டுப் போவதா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. வேலைக்கு வேலை பதில் மாறும். வயர் கூடையில் அடி முடிந்து சுற்றுச்சுவர் எழும்பத் தொடங்கிவிட்டால் நாலா பக்கமும் வயர் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் அமுக்கினால் வயரில் மடிப்பு விழும். பிறகு எவ்வளவு இழுத்துப் பின்னினாலும் அந்த மடிப்பு முடிச்சில் துருத்திக்கொண்டு தெரியும். ஆகவே அடி மட்டும் போட்டுத் தட்டையாக இருக்கும்போதே எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடி வரைக்கும் முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு மாதிரி நிறம் மாற்றிப் போடுகிற கூடை என்றால், எந்தச் சுற்றில் எந்த நிறம் என்பதை எழுதிவைக்காமல் போகவே கூடாது.

எம்பிராய்டரி அப்படியில்லை, அது நல்ல பயணத் துணை. வளையத்தைக் கழற்றிவிட்டு, துணியை மடிக்காமல் சுருட்டி, நூலின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஊக்கால் குத்திவைத்தால் எத்தனை மாதம் கழித்தும் விட்ட இடத்தில் தொடரலாம். வளையத்தோடு அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. துணியில் வட்டமாகத் தடம் பதிந்து அழுக்கும் சேர்ந்துவிடும். ஆங்கர் நூலுக்கு நம்பர் இருப்பதால் இங்கே தீர்ந்ததை அங்கே அதே நம்பர் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். உல்லனில் மட்டும் அந்தத் தைரியம் வேண்டாம். ஒரே பச்சை என்றுதான் கடைக்காரர் கொடுப்பார். சாயம் போட்ட தவணை வேறாக இருந்தால் ஸ்வெட்டரின் நடுநெஞ்சில் கோடு கிழித்த மாதிரி தெரியும். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய உல்லன் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி, எந்த வீட்டுக்குப் போனாலும் மொத்தமாகத்தான் எடுத்துப் போக வேண்டும்.

கைவேலையும் பயணமும் ஒத்துப்போகுமா என்று கேட்பவர்களுக்கு ராட்டையை நினைவூட்டுவேன். 1929-ல் அகில இந்திய நூற்போர் சங்கம் நல்ல ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, பெண் ஒருத்தி எட்டு மணி நேரம் சிரமமில்லாமல் நூற்க முடிய வேண்டும் என்பவற்றோடு, எடை குறைவாக, எளிதில் இடம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. பிறகு எரவாடா சிறையில் இருந்த காலத்தில் காந்தி தாமே முனைந்து செப்பம் செய்த பெட்டி ராட்டையில், பெரிய சக்கரமும் சின்னச் சக்கரமும் கதிரும் ஒரு மரப்பெட்டிக்குள் மடங்கி அடங்கும். ரயிலிலும் சிறையிலும் ஆசிரமத்திலும் மாறிமாறி வாழ்ந்த மனிதர், எங்கே போனாலும் கைவேலை கூட வர வேண்டும் என்று கருவியையே மாற்றினார்.

எங்கள் பக்கத்துக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு போய்ச் சேரும், நூலாகத் திரும்பிவரும். ராட்டை அவளுடையது, அவள் கையோடு இருக்கும். சரக்குதான் ஊர் சுற்றும். நான் வைத்திருக்கிற கணக்கு அந்தப் பெண்கள் வாழ்ந்து காட்டியதுதான்.

இதற்கு நேர் எதிர் தறி. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் கொண்டலாம்பட்டியிலும் குழித்தறி போட்ட வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தறி பூமியோடு சேர்ந்தது. குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால்தான் நெசவு. பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது நெசவாளி எங்கேயும் நகர முடியாது. மகன் கூப்பிட்டான் என்று வெளியூர் போய்த் தங்குகிற வயதான நெசவாளியின் கைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அந்த இழப்புக்கு என்னிடம் வழியில்லை. ஒரு பையில் அடங்குகிற வேலையையும் நாமாக எடுத்து வெளியே வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்களுக்கு இரண்டு வீட்டு வாழ்க்கை ஓய்வு பெற்ற பிறகு வருவதும் அல்ல. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று காலங்காலமாக இருக்கிறது. சீராகக் கொடுத்த தையல் மெஷின் புகுந்த வீட்டில் நிற்கும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தவள் மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். என்னிடம் படித்த பெண்கள் பலர் தையலை நிறுத்தியது அந்த மாதங்களில்தான். திரும்பிப் போனபோது மெஷின்மேல் துணி மூட்டை ஏறியிருக்கும், பிறகு அதை இறக்க நேரம் வராது. பிறந்த வீட்டில் ஒரு வளையமும் நான்கு நூல் கண்டும் காத்திருந்தால் கை விட்டுப்போயிருக்காது.

ஆண்களையும் விட்டுவிடவில்லை. சேலம் உருக்காலையில் ஃபிட்டராக இருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது இரண்டு அரம், ஒரு குறடு, திருப்புளி செட் இல்லாமல் போக மாட்டார். அந்த அடுக்குமாடியில் ஆடுகிற கதவுக்கும் ஒழுகுகிற குழாய்க்கும் அவரைத்தான் தேடுகிறார்களாம்.

சிலர் சொல்வது நியாயமாகவும் இருக்கிறது. குழந்தை தவழ்கிற வீட்டில் ஊசி எதற்கு, கத்தரிக்கோல் எதற்கு என்கிறார்கள். வகுப்பு முடிகிற மணிக்கு முன்னால் ஊசிகளை எண்ணி வாங்கி டப்பாவில் போடுவது என் பள்ளிக்கூடத்துப் பழக்கம். மகள் வீட்டிலும் எழுந்திருக்கும்போது எண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அதுவும் பயமாக இருந்தால் வயர் கூடை இருக்கிறது. அதற்கு ஊசியே வேண்டாம். கத்தரிக்கோலை உயரத்தில் வைத்துவிட்டால் போதும்.

இடம் இல்லை என்பது அடுத்த பதில். இரண்டு படுக்கையறை வீட்டின் நெருக்கடி எனக்குத் தெரியும். நான் கேட்பது அறை அல்ல, அலமாரியில் ஒரு தட்டு. பரணில் வேண்டாம், ஸ்டூல் போட்டு ஏறாமல் கை நீட்டி எடுக்கிற உயரத்தில். அம்மா ஊருக்குப் போயிருக்கும்போதும் அந்தத் தட்டு அம்மாவுடையதாகவே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, வருஷக்கணக்கில் சேர்த்த ஜரிகைத் துண்டுகளையும் மணிகளையும் மகன் வீட்டில் விட்டு வந்தார். தீபாவளிக்கு வீடு ஒதுக்கியபோது குப்பையோடு போய்விட்டன. அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு கைவேலைப் பையை அங்கே எடுத்துப் போகவும் இல்லை. நல்ல மகன்தான், அம்மாமேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் அவருக்கு அது துண்டுத் துணியாகத்தான் தெரிந்தது.

எங்கள் அடுத்த வீட்டு அம்மா இப்போது நியூஜெர்சி கிளம்புகிறார். என்னை “டீச்சரக்கா” என்றுதான் கூப்பிடுவார். அவரோடு உட்கார்ந்து பட்டியல் போட்டபோது என் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. கூடை வயரை இங்கே போல அங்கே நினைத்தபோது தெருமுனையில் வாங்க முடியாது. அதனால் அவர் விஷயத்தில் சரக்கும் கூடப் போகிறது. மூன்று கூடைக்கான வயர், கட்டுப் பிரிக்காமல். கத்தரிக்கோல் பெட்டியில்தான். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலைக் கைப்பையில் அனுமதிக்கிறார்கள், ஆனால் இங்கே கிளம்புகிற விமான நிலையத்திலேயே சோதனையில் வாங்கி வைத்துவிடக்கூடும் என்று சொன்னேன். 23 கிலோ பெட்டி இரண்டு. வயர்ப் பையை முதலில் அடியில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் பொடி வகையை அடுக்கினோம்.

அங்கே ஒரு தட்டு ஒதுக்கி வைக்கச் சொல்லி மருமகளிடம் கேட்க அவருக்குக் கூச்சம். நான்தான் போனைக் கையில் கொடுத்துக் கேட்கவைத்தேன். அந்தப் பெண் சட்டென்று, “எத்தனை அடி அகலம் வேணும் அத்தை? அளந்து சொல்லுங்க” என்றாள். உடனே இஞ்ச் டேப்பை எடுத்து வந்து, பின்னி முடித்த கூடை ஒன்றைத் தரையில் வைத்து இரண்டு பேரும் அளந்தோம்.