கால் தானாகத் திரும்புகிறது!

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைச் சோளக்காட்டுக்கு ஏறிச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கோ வயிற்றைப் புரட்டியது. பஸ் டிரைவரோ பக்கத்திலிருந்தவரிடம் மாட்டு வியாபாரம் பேசிக்கொண்டே வந்தார். வாய் பேச, கை தானாக ஹாரனை அழுத்தியது. வண்டி தானாக வளைந்தது.

"ஒவ்வொரு வளைவையும் யோசித்தா திருப்புகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"யோசிச்சா ஓட்ட முடியுமா, சார்?" என்றார்.

சோளக்காட்டுச் சந்தையில் டீக்கடைப் பெஞ்சியில் ஒரு பெரியவர் அகப்பட்டார். மிளகு விற்க வந்தவர். குடியை விட்டு இரண்டு வருஷமாகிறதாம்.

"ஆஸ்பத்திரியிலே இருந்த வரைக்கும் அந்த நெனப்பே இல்லீங்க, தம்பி. திரும்பி வந்து மொதல் சந்தையிலே மிளகு வித்த காசு கையிலே விழுந்துச்சு. அவ்வளவுதான், கால் தானாத் திரும்பிடுச்சு!"

சாக்குச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னது சாஸ்திரோக்தமான உண்மை. நம் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி யோசித்து முடிவு செய்யும் முதலாளி. மூளையின் ஆழத்தில் சில நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அவை குமாஸ்தா. திரும்பத் திரும்பச் செய்த வேலையை முதலாளி இந்தக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துவிடுகிறார். டிரைவரின் கையை நடத்தியதும், பெரியவரின் காலைத் திருப்பியதும் ஒரே குமாஸ்தாதான். நல்லது கெட்டது அவருக்குத் தெரியாது. பழக்கம் மட்டுமே தெரியும்.

ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990-களில் சுவிட்ஸர்லாந்தில் குரங்குகளுக்குப் பழரசம் கொடுத்துப் பார்த்தார. முதலில், ரசம் நாக்கில் பட்டபோதுதான் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகள் துள்ளின. சில நாள் பழகியபின், ரசம் வரப்போகிறது என்று அறிவிக்கும் விளக்கைக் கண்டதுமே துள்ளின! பெரியவருக்கு விளக்கு எது? கையில் விழுந்த மிளகுக் காசு.

அப்படியானால் விளக்கு இல்லாத இடத்தில்? வியட்நாம் யுத்தத்தில் ஹெராயினுக்கு அடிமையாகி, 1971-ல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண்மணி ஆராய்ந்தார். முதல் வருஷத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர்தான். இடம் மாறியது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

ஆனால் சோளக்காட்டுக்காரர் சோளக்காட்டை விட்டு எங்கே போவார்?

"அப்புறம் எப்படி ஐயா சமாளித்தீர்கள்?" என்றேன்.

"எடை போடறது நானு, காசு வாங்கறது என் சம்சாரம். வாங்கின கையோட ரெண்டு பேரும் பேரனுக்குத் தின்பண்டம் வாங்கப் போயிடறோம். கால் ஒரு பக்கம் திரும்பத்தானே வேணும்? இந்தப் பக்கம் திரும்பட்டுமே!"

குமாஸ்தாவை வேலையை விட்டு நீக்க முடியாது. வேறு வேலை கொடுக்கலாம். அதற்கு வீட்டாரின் துணை வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடிப்பவரோடு அவர் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது இதனால்தான். நடுவில் ஒரு நாள் தவறி விழுந்தால், "இவன் திருந்த மாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். விழ வைத்த விளக்கு எது என்று கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெகு காலமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்புக்கூட வரலாம். டாக்டரின் மேற்பார்வை அவசியம். மனம் விட்டுப் பேச, 14416 என்ற அரசாங்க எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம்.

திரும்பும் பஸ் வர நேரமிருந்தது. என் வலது கை எங்கே என்று பார்த்தேன். சட்டைப் பையில், சிகரெட் பெட்டியின் மேல்! நான் அனுப்பவில்லை, அதுவாகவே போயிருந்தது.

வெளியே இழுத்து, அதில் ஒரு மலை வாழைப்பழத்தைக் கொடுத்தேன். முதல் வளைவு திரும்பியாயிற்று. மீதி 69-ஐயும் பார்த்துவிடலாம்!